பொய்ச் சதவீதம் என்னும் கள்ளப் படிக்கல்

 

அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரை எச்சரிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் இறங்கியிருக்கிறது. அல்-முதஃப்பிஃபீன் என்னும் 83ஆம் அத்தியாயம் அது. நபி ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் மக்களை ஏக இறைவனை வணங்க அழைத்தபோது, அந்த அழைப்போடு சேர்த்தே அளவையை நிறைவாக்குமாறும் ஏவினார்கள். இவற்றை ஓதும்போது நம் கண்முன் வருபவர் யார்? தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டி வைத்திருக்கும் சந்தைக் கடைக்காரர். நாம் தராசு பிடிக்கும் தொழிலில் இல்லை, எனவே இந்த வசனங்கள் நம்மை நோக்கியவை அல்ல என்று எண்ணி நிம்மதியாகக் கடந்துவிடுகிறோம்.

ஆனால் தராசு இல்லாத நிறுவைகளும் உண்டு. 'லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்' என்பது ஓர் அளவை. 'எரிபொருளில் 30 சதவீதம் மிச்சம்' என்பது ஒரு நிறுவை. அந்த எண்ணைச் சொல்லி ஒருவரிடம் பணம் வாங்கினால், அந்த எண் உண்மையாக இருந்தே ஆக வேண்டும். அது பொய்யானால், தட்டின் அடியில் ஒட்டிய புளிக்கும் அதற்கும் எந்த வேறுபாடும் இல்லை.

இன்று நம் சமுதாயத்தின் வாட்ஸ்அப் குழுக்களில் இத்தகைய எண்கள் தாராளமாக உலவுகின்றன. எரிபொருள் குழாயின்மீது மாட்டும் காந்தம், சிகரெட் லைட்டர் துளையில் செருகும் பச்சை விளக்குப் பெட்டி, ஸ்டீயரிங்கின் கீழுள்ள ஓபிடி இணைப்பில் பொருத்தும் 'சிப்', காற்றுக் குழாய்க்குள் வைக்கும் காற்றாடித் தகடு, டாங்கியில் போடும் மாத்திரை, தண்ணீரிலிருந்து வாயு எடுப்பதாகக் கூறும் போத்தல் என்று வகை பல. வாக்குறுதி ஒன்றே: வண்டியின் இழுவை கூடும், எரிபொருள் குறையும், புகை அடங்கும், செலவிட்ட பணம் ஒரே மாதத்தில் திரும்பும். இதனோடு, 'ஐந்து பேரைச் சேர்த்துவிடுங்கள், கமிஷன் வரும். வட்டியில்லாத ஹலாலான வருமானம்' என்ற வரியும் சேர்ந்துகொள்கிறது. ஜும்ஆ முடிந்து வெளியே வருவோரின் கையில் இதற்கான துண்டுப் பிரசுரத்தைத் திணிக்கும் துணிவும் சிலருக்கு வந்துவிட்டது.

இந்தக் கடைசி வரிதான் நம்மை எழுத வைத்தது. சாதாரண ஏமாற்று வணிகம் எங்கும் உள்ளது. அதன்மீது 'ஹலால்' என்ற முத்திரையை ஒட்டும்போது, பொய்க்குத் தீனின் பெயரால் சான்று அளிக்கப்படுகிறது.

இயந்திரத்தைப் பற்றிப் பேச மார்க்க ஆசிரியர்களுக்கு என்ன உரிமை?

இந்தக் கேள்வி எழும் என்பது நமக்குத் தெரியும். விடையை ஃபிக்ஹ் நூல்களே தந்திருக்கின்றன. ஒரு பொருளில் குறை உள்ளதா, அதன் மதிப்பு என்ன என்ற வழக்கு வந்தால், காழி தம் ஊகத்தைக் கொண்டு தீர்ப்பளிப்பதில்லை. அத்துறையில் தேர்ந்தவர்களைக் கேட்டறிகிறார். அடிமாட்டின் நோயைக் கால்நடை அறிந்தவரிடமும், வீட்டின் விரிசலைக் கொத்தனாரிடமும் கேட்பது மரபு. எனவே முதலில் துறையறிந்தவர்கள் சொல்வதைக் கேட்போம். அதன் பிறகே ஹுக்மைப் பேசுவோம்.

விற்பவர்கள் சொல்லும் அடிப்படைக் கதை இது: 'உங்கள் இயந்திரம் எரிபொருளை முழுமையாக எரிப்பதில்லை. பாதி எரியாமல் புகையாகப் போகிறது. எங்கள் கருவி அதை முழுமையாக எரிக்கிறது.' கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் அடித்தளமே தவறு. இன்றைய பெட்ரோல் இயந்திரம் தனக்குள் வரும் எரிபொருளில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் எரித்துவிடுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைப் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றி கவனித்துக்கொள்கிறது. 'முழுமையாக எரித்து' மிச்சப்படுத்துவதற்கு அங்கே 30 சதவீதம் கிடையாது. இரண்டு சதவீதம் கூடக் கிடையாது.

அப்படியானால் எரிபொருளின் ஆற்றல் எங்கே போகிறது? வெப்பமாகப் போகிறது. எரிந்த எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. மற்றவை ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறுகின்றன. இது வெப்ப இயந்திரங்களின் இயல்பு. குழாயின்மேல் ஒரு காந்தத்தை மாட்டுவதால் இந்த இயல்பு மாறிவிடாது.

காந்தத்தையே எடுத்துக்கொள்வோம். அது பெட்ரோலின் மூலக்கூறுகளை 'வரிசைப்படுத்தி' நன்றாக எரிய வைக்கிறதாம். பெட்ரோல் ஹைட்ரோகார்பன்களின் கலவை. காந்தப் புலத்துக்கு அது அநேகமாக அசைந்து கொடுப்பதே இல்லை. இதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம். மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்கள் நம்மில் பலர். 1.5 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்துக்குள், குழாயில் மாட்டும் காந்தத்தை விடப் பல மடங்கு வலிமையுள்ள காந்தத்துக்குள், நீரும் கொழுப்பும் நிறைந்த மனித உடலை அரை மணி நேரம் வைத்திருக்கிறார்கள். வெளியே வந்தவரின் உடல்கொழுப்பு வரிசைப்பட்டு வேகமாகக் கரைந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

காற்றாடித் தகடு, உள்ளே போகும் காற்றைச் சுழற்றிக் கலவையைச் சீராக்குகிறது என்கிறார்கள். தேவையான சுழற்சியை உண்டாக்கும் வகையில்தான் காற்று செல்லும் வழியையும் எரியறையையும் பொறியாளர்கள் வடிவமைத்திருக்கிறார்கள். குறுக்கே ஒரு தகட்டை வைத்தால் காற்றுக்குத் தடைதான் கூடுகிறது.

தண்ணீர்ப் போத்தலின் கதை இன்னும் விந்தையானது. வண்டியின் மின்சாரத்தைக் கொண்டு நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்து, அதை மீண்டும் இயந்திரத்தில் எரிக்கிறார்களாம். அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? ஆல்டர்னேட்டரிலிருந்து. ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது எது? அதே இயந்திரம். இயந்திரத்தைச் சுழற்றுவது எது? அதே பெட்ரோல். இந்தச் சுற்றின் ஒவ்வொரு படியிலும் ஆற்றல் வெப்பமாக இழக்கப்படுகிறது. கிணற்றில் இறைத்த நீரை ஓட்டை வாளியில் சுமந்து அதே கிணற்றில் ஊற்றி, கிணறு நிறைகிறது என்று சொல்வதற்கு ஒப்பானது இது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயு சிறு தீப்பொறிக்கும் வெடிக்கக்கூடியது என்பதையும் விற்பவர் சொல்வதில்லை.

பச்சை விளக்கு எரியும் 'சிப்' படித்தவர்களையும் மயக்குகிறது. அது வண்டியின் கணினியோடு பேசி, ஓட்டுநரின் பழக்கத்தைக் கற்று, எரிபொருள் அளவைத் திருத்தி அமைக்கிறதாம். 2017ஆம் ஆண்டில் குவார்க்ஸ்லாப் என்ற பிரெஞ்சு கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், உலகெங்கும் இணையத்தில் விற்ற 'நைட்ரோ ஓபிடி2' என்ற கருவியைப் பிரித்துப் பார்த்தார்கள். வண்டியின் கணினியோடு பேசுவதற்கு வேண்டிய உறுப்பே அதில் இல்லை. இருந்தது ஒரு சிறு சில்லு; அதன் வேலை விளக்குகளை மினுக்குவது. நம் கைபேசியில் பேட்டரி இல்லாமல் மணி மட்டும் அடித்தால் எப்படியிருக்கும், அப்படி ஒரு பொருள்.

வேறு சில 'பவர் சிப்'கள் மினுக்குவதோடு நிற்பதில்லை. வெப்பநிலை உணரியின் கம்பியில் ஒரு சிறு மின்தடையைச் செருகி, உள்ளே வரும் காற்று குளிர்ந்திருப்பதாக வண்டியின் கணினியை நம்ப வைக்கின்றன. கணினி அதை நம்பிக் கூடுதல் எரிபொருளைத் தெளிக்கப் பார்க்கிறது. அதாவது மிச்சப்படுத்த வாங்கிய பொருள், அதிகம் செலவழிக்கச் சொல்லி வண்டியிடம் பொய் சொல்கிறது. மனிதரை ஏமாற்றியது போதாதென்று இயந்திரத்தையும் ஏமாற்றுகிறார்கள்.

சோதித்தவர்கள் கண்டது என்ன?

'எல்லாம் ஏட்டறிவு, நடைமுறையில் பயன் உண்டு' என்பார்கள். நடைமுறையில் அளந்தவர்களும் உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970களிலிருந்து இத்தகைய 100க்கும் மேற்பட்ட கருவிகளையும் சேர்மங்களையும் மதிப்பிட்டிருக்கிறது. விரல்விட்டு எண்ணத்தக்க சிலவற்றில் மிகச் சிறிய பயன் தெரிந்தது. சில கருவிகள் இயந்திரத்தைக் கெடுக்கக்கூடியவை, நச்சுப் புகையைக் கூட்டக்கூடியவை என்று அந்நாட்டு அரசு அமைப்புகள் நுகர்வோரை எச்சரித்திருக்கின்றன. லைட்டர் துளையில் செருகும் 'ஃபியூயல் டாக்டர் எஃப்டி-47' என்ற கருவியை கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்னும் நுகர்வோர் இதழ் 10 வண்டிகளில் பொருத்திச் சோதித்தது. எந்த முன்னேற்றமும் இல்லை. தண்ணீரிலிருந்து வாயு எடுத்து எந்த வண்டியையும் ஹைப்ரிட் ஆக்குவதாக விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின்மீது 2009ஆம் ஆண்டில் அமெரிக்க வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது நம் முதலீட்டாளர்கள் மனத்தில் இருத்த வேண்டிய பாடம். 'ஃபயர்பவர்' என்ற நிறுவனம் டாங்கியில் போடும் மாத்திரையைக் காட்டி ஊரெங்கும் புகழ் தேடியது. விளையாட்டு அணிகளுக்கு நிதியளித்தது. பெரிய மனிதர்களோடு படம் எடுத்துக்கொண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதன் பங்குகளை வாங்கினார்கள். 2008ஆம் ஆண்டில் அது சரிந்தபோது, சுமார் 10 கோடி ஆஸ்திரேலிய டாலர் காற்றில் கரைந்திருந்தது. மாத்திரையை வாங்கியவர் இழந்தது சில டாலர்கள். 'ஏஜென்சி'யையும் 'பங்கை'யும் வாங்கியவர்கள் இழந்ததோ வாழ்நாள் சேமிப்பு. வளைகுடாவில் பதினைந்து ஆண்டுகள் வெயிலில் நின்று சேர்த்த தொகையோடு ஊர் திரும்பி, 'நல்ல தொழில் ஏதாவது சொல்லுங்கள்' என்று கேட்கும் சகோதரரிடம் இன்று மாவட்ட ஏஜென்சி பேசப்படுகிறது. அவருக்காகவே இதைச் சொல்கிறோம்.

வெளிநாட்டுக் கதை எதற்கு, நம் மண்ணிலேயே ஒன்று இல்லையா? 1996ஆம் ஆண்டில் இராஜபாளையம் பகுதியைச் சேர்ந்த இராமர் பிள்ளை என்பவர் மூலிகையைக் கொண்டு தண்ணீரை எரிபொருளாக்குவதாக அறிவித்தார். தமிழகமே திரும்பிப் பார்த்தது. அறிவியலாளர்கள் முன்னிலையில் செய்து காட்டும் வாய்ப்பும் அவருக்குத் தரப்பட்டது. கட்டுப்பாடான சோதனையில் அந்தக் கூற்று நிற்கவில்லை. ஆயினும் சில ஆண்டுகளில் அவர் பெயரில் எரிபொருள் சென்னையில் விற்பனைக்கு வந்தது. அது டொலுவீன், நாப்தா போன்ற பெட்ரோலியப் பொருள்களின் கலவை என்று மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடுத்தது. 2016ஆம் ஆண்டில் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. தம் கண்டுபிடிப்பு உண்மையே என்று அவர் வாதிட்டு வந்தார். இங்கே நாம் கவனிக்க வேண்டியது தனி மனிதரை அன்று. ஓர் ஊரே எவ்வளவு விரைவாக நம்பியது என்பதை. 'நம்மவர் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார், பெரிய நிறுவனங்கள் மறைக்கப் பார்க்கின்றன' என்ற பேச்சு அன்றும் இருந்தது. இன்றும் அதே பேச்சுதான், காந்தத்துக்கும் சிப்புக்கும்.

'எண்ணெய்க் கம்பெனிகளின் சதி'

இந்த வாதம் நம் சமுதாயத்தில் எளிதாக எடுபடுகிறது. பெரு நிறுவனங்களின்மீது நமக்குள்ள ஐயத்தில் நியாயம் இருப்பதாலேயே, அந்த ஐயத்தை விற்பனையாளர் முதலாக்குகிறார். சற்றே நிதானமாகச் சிந்திப்போம்.

எண்ணெய் விற்பவருக்கு எரிபொருள் அதிகம் செலவாவதில் இலாபம் இருக்கலாம். கார் செய்பவருக்கு? இந்தியாவில் 2017-18 நிதியாண்டிலிருந்து கார் நிறுவனங்கள், தாம் விற்கும் வண்டிகளின் சராசரி கரியமில வாயு வெளியீட்டைக் கிலோமீட்டருக்கு 130 கிராமுக்குள் வைக்க வேண்டும் என்ற விதி வந்தது. 2022-23 முதல் அந்த வரம்பு 113 கிராமாகக் குறைந்தது. இந்த இலக்கை எட்டுவதற்காக ஒவ்வொரு கிராமையும் குறைக்க அந்நிறுவனங்கள் கோடிக் கோடியாகச் செலவிடுகின்றன. வண்டியின் எடையைக் குறைக்கிறார்கள்; டயரின் ரப்பரை மாற்றுகிறார்கள்; சிக்னலில் தானே அணையும் இயந்திரத்தை அமைக்கிறார்கள். டொயோட்டா 1997ஆம் ஆண்டில் ப்ரியஸ் என்ற ஹைப்ரிட் காரைக் கொண்டுவந்தது. அத்தொழில்நுட்பம் உள்ள வண்டிக்கு இன்றும் கூடுதல் விலை கொடுத்தே ஆக வேண்டும். 500 ரூபாய்க் காந்தம் 20 சதவீதம் மிச்சப்படுத்துமானால், இவர்கள் அத்தனை பேரும் அதைத் தொழிற்சாலையிலேயே மாட்டி அனுப்பியிருப்பார்கள். ஒருவருக்கொருவர் கழுத்தை நெரிக்கும் போட்டியில் இருக்கும் உலகக் கார் நிறுவனங்கள் எல்லாம் ஒன்றுகூடி, தங்களுக்கே இலாபம் தரும் பொருளை மறைத்தன என்பது நம்பத் தக்கதா?

'நான் போட்டேன், எனக்கு மைலேஜ் கூடியது'

இதைச் சொல்பவர்கள் அனைவரும் பொய்யர்கள் என்று நாம் கூறவில்லை. பெரும்பாலோர் தாம் கண்டதைச் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் கண்டது என்ன என்பதை ஆராய வேண்டும்.

இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கருவியை மாட்டியவர், அடுத்த நாளிலிருந்து மைலேஜைக் கவனிக்கத் தொடங்குகிறார். கவனிக்கத் தொடங்கியவர் ஆக்ஸிலேட்டரை மென்மையாக மிதிக்கிறார். சடாரென்று பிரேக் போடுவதைக் குறைக்கிறார். விற்பவரும் 'முழுப் பயன் கிடைக்க டயரில் காற்றைச் சரியாக வையுங்கள், ஒரு சர்வீஸும் செய்துவிடுங்கள்' என்று அறிவுரை கூறியிருப்பார். ஆவேசமாக ஓட்டுவதற்கும் நிதானமாக ஓட்டுவதற்கும் இடையே எரிபொருளில் 15 முதல் 30 சதவீதம் வரைகூட வேறுபாடு வரும். அந்த மிச்சத்தைச் சம்பாதித்தது ஓட்டுநரின் பாதம். பெயர் வாங்கியது காந்தம்.

அளக்கும் முறையிலும் பிழை உண்டு. பங்கில் ஒரு முறை தானாக நிற்கும் இடத்துக்கும் மறுமுறை நிற்கும் இடத்துக்கும் அரை லிட்டர் வேறுபடலாம். ஒரு வாரம் நகரத்துக்குள், மறுவாரம் நெடுஞ்சாலையில். ஒரு நாள் ஏசி, மறுநாள் இல்லை. இத்தனையையும் விலக்கி, ஒரே வண்டியை ஒரே வேகச் சுழற்சியில் உருளைகளின்மேல் ஓட்டி, கருவியோடும் கருவியின்றியும் மீண்டும் மீண்டும் அளந்தால்தான் உண்மை தெரியும். புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற நிறுவனங்களில் அதற்கான வசதி இருக்கிறது. ஒரு விற்பனையாளர் வந்தால் அவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான்: அத்தகைய சோதனைச் சான்று எங்கே? 'ஆயிரம் பேர் திருப்தி அடைந்திருக்கிறார்கள்' என்பது அதற்கு விடையாகாது.

மார்க்கத்தின் தீர்ப்பு

இப்போது ஹுக்மிற்கு வருவோம். இந்தப் பிரச்சினைக்கு நேரான முன்மாதிரி நபிமொழித் தொகுப்புகளில் இருக்கிறது. ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்பதற்குச் சில நாள் முன்பிருந்தே கறக்காமல் விட்டுவிடுவது அக்கால வணிகர் சிலரின் தந்திரம். மடி பருத்துத் தெரியும். வாங்குபவர் 'நிறையப் பால் தரும்' என்று எண்ணி அதிக விலை கொடுப்பார். இவ்வாறு மடிகட்டப்பட்ட பிராணிக்கு முஸர்ராத் என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். கறந்து பார்த்து உண்மையை அறிந்தவருக்கு, வைத்துக்கொள்ளவோ ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பித் தரவோ உரிமை அளித்தார்கள். இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் உள்ளது. திருப்பித் தரும் முறை பற்றி ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்தச் செயல் ஏமாற்று, அது ஆகாது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அங்கே விற்பவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். வாயே திறக்கவில்லை. இல்லாத பலனை இருப்பதாகக் காட்டும் தோற்றத்தை மட்டுமே உண்டாக்கினார். அதுவே தத்லீஸ் என்னும் குற்றமாயிற்று. பச்சை விளக்கை மினுக்கி, இல்லாத 30 சதவீதத்தை எழுத்திலும் போட்டு விற்பவரின் நிலை அதைவிட எத்தனை மோசமானது!

தானியக் குவியலின் செய்தியும் அனைவரும் அறிந்ததே. மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தார்கள். ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கண்டித்தார்கள். ஏமாற்றுபவருக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று அறிவித்தார்கள். மழை நனைத்தது என்று அவ்வணிகர் கூறிய காரணம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆயினும் மறைத்த குற்றம் அவருடையதாயிற்று.

'நான் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. கம்பெனி சொன்னதைச் சொன்னேன்' என்ற சமாதானம்தான் இன்று நாம் அதிகம் கேட்பது. சகோதரர்களே, இதுவே இக்கட்டுரையின் உயிர்நாடி. அறியாத ஒன்றை அறிந்ததாகச் சொல்லிப் பணம் வாங்குவது அறியாமை ஆகாது, அதுவே மோசடி. ஒரு மளிகைக் கடைக்காரர், யாரோ கொடுத்த படிக்கல்லைச் சரிபார்க்காமல் தராசில் வைத்து ஆண்டுக்கணக்கில் வியாபாரம் செய்கிறார். கல் எடை குறைந்தது என்று தெரிந்ததும், 'கல்லைச் செய்தவர்தான் குற்றவாளி' என்கிறார். மஹல்லா அதை ஏற்குமா? கல்லைச் சரிபார்ப்பது தராசு பிடிப்பவரின் கடமை. 30 சதவீதம் என்று சொல்பவரின் கடமை, அந்த 30ஐச் சரிபார்ப்பது. சரிபார்க்க இயலாவிட்டால் அந்த எண்ணை உச்சரிக்காமல் இருப்பது.

'வாங்குபவர் மனமுவந்துதானே வாங்கினார்' என்பதும் நிற்காது. வணிகத்தில் இருதரப்பு உவப்பு நிபந்தனை என்பது உண்மை. ஆனால் அவர் உவந்தது 30 சதவீதச் சேமிப்புக்கு. அவருக்குக் கிடைத்தது ஒரு விளக்கு. எதற்கு உவந்தாரோ அது இல்லாதபோது, அந்த உவப்பு எங்கே இருக்கிறது? இதோடு 'அல்லாஹ்மீது ஆணையாக, என் வண்டியிலேயே போட்டிருக்கிறேன்' என்று சத்தியமும் சேர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் கடுமை. சத்தியம் சரக்கை விற்றுத்தரும், பரக்கத்தை அழித்துவிடும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை வணிகர்கள் மறக்கலாகாது.

முஸ்லிம் நகரங்களில் இதற்கென்றே ஹிஸ்பா என்ற அமைப்பு இருந்தது. முஹ்தஸிப் சந்தையில் நடந்து, படிக்கற்களையும் பாலையும் மாவையும் சோதிப்பார். 12ஆம் நூற்றாண்டில் ஷாமைச் சேர்ந்த அஷ்ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா கையேடு, ஒவ்வொரு தொழிலிலும் என்னென்ன வழிகளில் ஏமாற்றுவார்கள் என்று தொழில்வாரியாக விளக்குகிறது. வணிகனைச் சந்தேகிப்பது பாவம் என்று நம் முன்னோர் கருதவில்லை. சோதிப்பதையே நேர்மையான வணிகருக்குச் செய்யும் உதவியாகக் கருதினார்கள்.

இழப்பவர் யார்?

'இரண்டாயிரம் ரூபாய்தானே, இதற்கு இவ்வளவு பேச்சா?' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர் ஓட்டுகிறார், வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது, எரிபொருள் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,000 ரூபாய் பங்கில் போகிறது. '30 சதவீதம் மிச்சம்' என்றால் அவர் காதில் விழுவது நாளுக்கு 300 ரூபாய். 25 நாள் ஓட்டினால் மாதம் 7,500 ரூபாய். அது பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வண்டியின் தவணை, வீட்டு வாடகை. அந்தத் தொகையை நம்பி அவர் கடன் வாங்கிக் கருவியை மாட்டுகிறார். சொந்தக் காரில் வாரம் ஒரு முறை செல்பவருக்கு அது விளையாட்டுப் பொருள். எரிபொருளிலேயே வாழ்க்கை கரையும் ஏழைக்கு அது நம்பிக்கை. இந்த வணிகத்தின் சிறந்த வாடிக்கையாளர் யார் என்றால், இழக்கச் சற்றும் இயலாதவர்தான்.

வண்டியில் கம்பிகளை வெட்டி ஒட்டியதால் வாரண்டி மறுக்கப்படும் அபாயமும் உண்டு. அந்தச் செலவையும் மாட்டிக்கொண்டவரே சுமக்கிறார்.

இன்னோர் இழப்பு கணக்கில் வராதது. 'பாய் கடையில் வாங்கினால் ஏமாற்றமாட்டார்' என்று பிற சமயத்துச் சகோதரர்கள் சொல்லும் ஊர்கள் தமிழகத்தில் இன்னும் உள்ளன. அந்த ஒரு சொல்லைச் சம்பாதிக்க நம் பாட்டன்மார் எத்தனை தலைமுறை சரியாக அளந்து கொடுத்திருப்பார்கள்! அது அவர்கள் நம்மிடம் விட்டுச் சென்ற அமானத். ஒரு துளைப்பெட்டிக்காக அதை விற்பதற்கு நமக்கு உரிமையில்லை.

செய்ய வேண்டியவை

விற்பவர்கள்: கட்டுப்பாடான சோதனைச் சான்று கையில் இல்லாத பொருளை இன்றே நிறுத்துங்கள். ஏற்கெனவே விற்றவர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்ட பாவத்துக்கு இஸ்திஃக்ஃபார் மட்டும் போதாது, உரியவருக்கு உரியது சேர வேண்டும் என்பது மக்தப் பிள்ளைகளுக்கும் நாம் கற்பிக்கும் பாடம்.

வாங்குபவர்கள்: சான்று கேளுங்கள். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வாய்மூடி இருக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பொருளைச் செய்தவர்மீதும் அதற்கு முகம் கொடுத்துப் பரிந்துரைத்தவர்மீதும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அநீதியைத் தடுக்கச் சட்டம் தரும் வழியைப் பயன்படுத்துவது அநீதி இழைப்பவருக்கும் செய்யும் உதவியே.

பரிந்துரைப்பவர்கள்: ஒரு காணொளியைக் குழுவில் தட்டிவிடுவதும் சாட்சியம்தான். ஆராயாமல் சாட்சி சொல்ல வேண்டாம். குறிப்பாக ஆலிம்களும் ஜமாஅத் பொறுப்பாளர்களும் இத்தகைய பொருளின் அறிமுக விழாவில் அமர்ந்து துஆ ஓதிக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். மக்கள் காந்தத்தை நம்பி வாங்குவதில்லை. மேடையில் இருக்கும் தாடியையும் தலைப்பாகையையும் நம்பி வாங்குகிறார்கள். பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையும் வாசலும் இதற்கு இடம் தரலாகாது.

உண்மையில் எரிபொருளை மிச்சப்படுத்த விரும்புவோருக்கு வழி இருக்கிறது. அதற்கு அநேகமாகச் செலவே இல்லை. டயரில் நிறுவனம் குறித்த அளவு காற்றை வையுங்கள். நீண்ட சிக்னலில் இயந்திரத்தை அணையுங்கள். தேவையற்ற சுமையை டிக்கியிலிருந்து இறக்குங்கள். சீறிப் பாய்ந்து, பிறகு பிரேக்கை மிதிப்பதை விடுங்கள். நெடுஞ்சாலையில் வேகத்தைக் குறையுங்கள். உரிய காலத்தில் சர்வீஸ் செய்யுங்கள். இவற்றுக்கு ஏஜென்சி இல்லை, கமிஷன் இல்லை. ஆகவேதான் இவற்றைப் பற்றி யாரும் துண்டுப் பிரசுரம் அச்சிடுவதில்லை. வீண்விரயத்தைத் தவிர்க்கச் சொல்லும் மார்க்கத்தைப் பின்பற்றுவோருக்கு, நிதானமாக வண்டி ஓட்டுவதும் அந்த மார்க்கத்தின் ஒரு பகுதியே.

நாளை மீஸான் நிறுத்தப்படும். அந்தத் தராசில் வைக்கப்படும் கற்களை எந்தக் கம்பெனியும் செய்து தரப்போவதில்லை. குறைத்து அளந்தவர்களின் வரிசையில் நம்மை நிறுத்தாமல், கொடுத்த சொல்லையும் சொன்ன எண்ணையும் நிறைவாக்கும் வணிகர்களோடு நம்மை எழுப்புவானாக. ஹலாலான ரிஸ்கில் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் பரக்கத் செய்வானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.